பின்சக்கரத்தில் வருபவர் கோழையல்ல

“மலை பொய் சொல்லாது.” திருவண்ணாமலையில் சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்கள் நடுவில் இது வேதவாக்காகிவிட்டது. ஜூலையில் டூர் டி பிரான்ஸ் பிரனீஸ், ஆல்ப்ஸ் மலைகளுக்குள் நுழைந்துவிட்டால் நம்மூர் டீக்கடைகளிலும் சைக்கிள் கடை வாசல்களிலும் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இதே பேச்சுதான். சமவெளியில் கூட்டத்துக்குள் பதுங்கி வரலாம், ஏற்றம் தொடங்கினால் யார் ஆள் என்று தெரிந்துவிடும். பலமுள்ளவன் முன்னால் போவான், இல்லாதவன் பின்னால் விழுவான். அடுத்தவன் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறவன் கோழை, கடைசியில் அவன் தாண்டிப் போனால் அது திருட்டு. பெரிய வீரர் போகாச்சரா விங்கெகோரா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து தொண்டை வற்றக் கத்துகிறவர்கள்கூட இந்த அளவுகோலில் மட்டும் ஒரே கட்சி.

இந்த அளவுகோல் தவறு. மலைக்கட்டம் என்பது தனியாள் பலத்தை நிறுத்துப் பார்க்கிற தராசு என்று நம்புகிறவர், கண்ணெதிரே நடக்கிற பந்தயத்தில் பாதியைப் பார்க்கவில்லை. இது பார்க்கிறவரின் இழப்போடு போனால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்த எண்ணத்தைத்தான் நாம் போளூர் வழியாக ஜவ்வாதுமலை ஏறும் பிள்ளைகளின் தலையிலும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை விடாமல் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 17, டூர் டி பிரான்ஸின் ஓத்தகாம் ஏற்றம். உச்சிக்கு இன்னும் 12 கிலோமீட்டர் இருக்கும்போது ததேய் போகாச்சர் எழுந்து மிதித்தார். யோனாஸ் விங்கெகோர் சில நூறு மீட்டர் தொட்டுப் பார்த்தார், முடியவில்லை. உச்சியில் இருவருக்கும் இடையே 2 நிமிடம் 10 வினாடி. அதற்கு முந்தைய வருடம் பிளாட்டோ தெ பெய் ஏற்றத்தில், 1998-ல் மார்கோ பந்தானி வைத்திருந்த நேரத்தைப் போகாச்சர் மூன்று நிமிடத்துக்கு மேல் குறைத்தார். இதில் எங்கே இருக்கிறது உத்தி, எங்கே இருக்கிறது கூட்டாளி, பலம் பலம்தானே என்று கேட்கிறார்கள். அத்தோடு ஒரு பௌதிகக் காரணமும் வைத்திருக்கிறார்கள்: ஏற்றத்தில் வேகம் குறைவு, வேகம் குறைந்தால் காற்றின் தடை குறைவு, காற்றுத் தடை இல்லாத இடத்தில் பின்னால் ஒளிந்து என்ன லாபம்?

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 65 கிலோ எடையுள்ள வீரர், 8 கிலோ சைக்கிள், 7 சதவீதச் சரிவு, மணிக்கு 21 கிலோமீட்டர் சொச்சம் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பை எதிர்த்து மேலே போக ஏறக்குறைய 300 வாட் வேண்டும். டயர் உருள்வதில் போவது 17 வாட் அளவு. காற்றைக் கிழிக்க ஏறக்குறைய 40 வாட். ஆக மொத்தம் 355-க்குப் பக்கம். நெருங்கிப் பின்னால் வருகிறவருக்குக் காற்றுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்று வைத்தாலும் 13 வாட் கிடைக்கிறது. சின்னத் தொகைதான். ஆனால் 40 நிமிட ஏற்றத்தில் அந்தச் சின்னத் தொகை ஒரு நிமிடத்துக்கு மேல் விலை பெறும். 1989-ல் கிரெக் லெமாண்ட் மூன்று வாரம் ஓடிய டூர் டி பிரான்ஸை லோரான் ஃபின்யோனிடமிருந்து பறித்தது 8 வினாடியில். 8 வினாடிக்கு வரலாறு மாறுகிற விளையாட்டில் ஒரு நிமிடத்தை ஒன்றுமில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சரிவு 10 சதவீதமானால் காற்றின் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செங்குத்தான இடத்தில் பின்சக்கரம் தரும் லாபம் அற்பம். ஆனால் மலைக்கட்டம் என்றால் செங்குத்து மட்டுமா? 150, 200 கிலோமீட்டர் நீளும் ஒரு நாளில் ஏற்றம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். மீதியெல்லாம் இறக்கம், பள்ளத்தாக்கு, சிற்றூர்ச் சாலைகள். பள்ளத்தாக்கில் மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறவருக்குக் காற்று மட்டும் 250 வாட் தின்னும். அங்கே ஒருவர் பின்னால் உட்கார்ந்து வந்தால் எண்பது வாட்டுக்கு மேல் மிச்சம். அந்த மிச்சம்தான் அடுத்த ஏற்றத்தின் அடிவாரத்தில் காலாக வந்து நிற்கிறது. ஏற்றத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் செலவைப் பார்க்கிறார், இந்தச் சேமிப்பைப் பார்ப்பதில்லை.

இதை நேரில் காட்டியது 2025 மே 31. இத்தாலியின் ஜிரோ பந்தயம், கடைசிக்கு முந்தைய நாள், கோல்லே தெல்லே ஃபினெஸ்த்ரே. பதினெட்டரை கிலோமீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவு 9.2 சதவீதம், மேல் எட்டு கிலோமீட்டர் தார் இல்லாத மண்சாலை. இதைவிடக் கடுமையான தராசு வேண்டுமென்றால் எங்கே போவது? முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சி மெக்சிகோவின் ஈசாக் டெல் டோரோ தோளில், வயது 21. ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் 43 வினாடி பின்னால். இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 வினாடி பின்னால்.

அடிவாரத்திலேயே கரபாஸ் பாய்ந்தார். கூட ஒட்டிக்கொள்ள முடிந்தது டெல் டோரோவால் மட்டும். யேட்ஸ் பதறவில்லை. தன் மூச்சுக்கேற்ற வேகத்தில் ஏறினார், இடைவெளியை மெல்ல மூடினார், இருவரையும் வந்து சேர்ந்தார், சில முறை முயன்று பிரிந்து முன்னால் போனார். பின்னால் நின்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெர்சி உன்னுடையது, நீ துரத்து என்றது ஒரு நியாயம். நான் உன்னை மேலே இழுத்துக்கொண்டுபோனால் நீ என்னைக் கடைசியில் தாண்டிவிடுவாய் என்றது இன்னொரு நியாயம். யாரும் துரத்தவில்லை.

உச்சியில் யேட்ஸுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளிதான். கடைசிக் கோட்டில் அது ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தது. இடையில் என்ன நடந்தது? காலையிலேயே முன்கூட்டத்தில் புகுந்து மலையைத் தாண்டிப் போயிருந்த அவருடைய டீம்காரர் வூட் வான் ஆர்ட், அந்தப் பக்கம் காத்திருந்தார். சமதளத்தில் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய என்ஜின்களில் ஒருவர். யேட்ஸ் அவர் பின்சக்கரத்தில் உட்கார்ந்தார். செஸ்த்ரியேரை நோக்கி நீளும் பள்ளத்தாக்குச் சாலையில் வான் ஆர்ட் இழுத்தார். ஜிரோவை யேட்ஸ் வென்ற இடைவெளி 3 நிமிடம் 56 வினாடி. அவர் பெற்ற லாபத்தில் பெரும்பகுதி மலையில் கிடைத்ததல்ல. மலைக்குப் பிறகு, இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் கிடைத்தது.

மறுநாள் நம் நண்பர்கள் என்ன பேசினார்கள்? டெல் டோரோ கோழை, நெஞ்சில் துணிவில்லை, ஜெர்சியைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். இதைப் போல அநியாயமான தீர்ப்பு கிடையாது. அந்த மலையில் கரபாஸின் பாய்ச்சலுக்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் அந்த இளைஞர். கால் இருந்தது, துணிவும் இருந்தது. தவறியது கணிப்பு. முன்னால் போகிற யேட்ஸை மட்டும் எண்ணினார், யேட்ஸுக்கும் முன்னால் யார் இருக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வான் ஆர்ட் அங்கே இல்லையென்றால் அதே முடிவு புத்திசாலித்தனம் என்று பெயர் வாங்கியிருக்கக்கூடும். பலத்தைச் சோதிக்கும் தேர்வாக நாம் நினைத்த நாள் கணிப்பைச் சோதிக்கும் தேர்வாக இருந்தது. ஒருவர் கேள்வித்தாளை வேறு மாதிரி படித்துவிட்டார் என்பதற்காக அவரைக் கோழை என்பது விளையாட்டறிவு ஆகாது.

யேட்ஸையும் பாருங்கள். 2018-ல் இதே ஃபினெஸ்த்ரேவில், இதே இளஞ்சிவப்பு ஜெர்சியோடு வந்து, ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தவர். அன்று கிறிஸ் ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியாக ஓடி ஜிரோவைத் தன்வசமாக்கினார். அதையும் தனியாள் வீரம் என்றே நாம் கொண்டாடுகிறோம். ஆனால் ஃபினெஸ்த்ரேவின் அடிவாரத்தில் வேகத்தை ஏற்றிக் கூட்டத்தை உடைத்தது அவருடைய ஸ்கை டீம். வழியெங்கும் ஆட்களை நிறுத்தி, எந்த இடத்தில் எந்தப் பாட்டில் கைக்கு வர வேண்டும் என்று திட்டமிட்டுக் கொடுத்ததும் அதே டீம். கேமராவில் தெரிந்தது ஒரு ஆள். ஓடியது ஒரு ஏற்பாடு.

பாட்டில் என்றதும் சோற்றுக் கணக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலையில் ஒருவர் திடீரென்று நின்றுபோவதைப் பார்த்து “பலம் இல்லை” என்று நாம் சொல்கிற இடங்களில் பல, உண்மையில் சாப்பாடு தீர்ந்த இடங்கள். உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. ஒரு பெரிய மலைக்கட்டம் 4,000 கலோரிக்கு மேல் கேட்கும். மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை சர்க்கரையை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் தாக்குப்பிடிக்கலாம். அந்தச் சர்க்கரை டீம் காரில் இருக்கிறது. கார் ஏற்றத்தில் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் பின்தங்கிப் போய், சட்டைக்குள் ஆறேழு பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, அந்த எடையோடு மறுபடி ஏறி வந்து தலைவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆளின் பெயர் முடிவுப் பட்டியலில் நூறுக்குக் கீழே இருக்கும். அவர் இல்லாத நாளில் தலைவரின் பெயரும் மேலே இருக்காது.

பலமானவர் தோற்க முடியும் என்பதற்கு 2022 டூரைவிட நல்ல சாட்சி இல்லை. ஜூலை 13, கோல் து கிரனோன். டூரில் முதலிடத்துக்குரிய மஞ்சள் ஜெர்சியில் போகாச்சர். அதற்கு முந்தைய இரண்டு டூர்களையும் வென்றவர், அந்த வாரத்திலும் எவரையும்விட வேகமாகத் தெரிந்தவர். அவர் டீமிலிருந்து இரண்டு பேர் கோவிட்டால் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஜம்போ விஸ்மா டீமிடம் ஒன்றுக்கு இரண்டாக ஆள் இருந்தது: விங்கெகோரும் பிரிமோஷ் ரோக்லிச்சும். கலிபியேர் ஏற்றத்தில் ரோக்லிச் பாய்வார், போகாச்சர் துரத்திப் பிடிப்பார். பிடித்த மூச்சு அடங்குவதற்குள் விங்கெகோர் பாய்வார், மறுபடி துரத்த வேண்டும். அப்புறம் மறுபடி ரோக்லிச். போகாச்சர் ஒவ்வொரு முறையும் தானே பதில் சொன்னார். கடைசியில் கிரனோனில், உச்சிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள், விங்கெகோர் ஒரே ஒருமுறை பாய்ந்தபோது பதில் வரவில்லை. இழப்பு 2 நிமிடம் 51 வினாடி. அந்த டூரை விங்கெகோர் வென்ற இடைவெளி 2 நிமிடம் 43 வினாடி.

இதில் ரோக்லிச்சின் பங்கை எந்த அளவுகோலில் அளப்பது? ஸ்பெயினின் வூல்டா பந்தயத்தை அதற்குள் மூன்று முறை வென்றிருந்தவர். சில நாளுக்கு முன்னால் கீழே விழுந்து தோள் பிசகியவர். தன் வாய்ப்பு முடிந்தது என்று தெரிந்துகொண்டு, மீதியிருந்த பலத்தை இன்னொருவரின் வெற்றிக்காகக் கலிபியேர் மேல் கொட்டித் தீர்த்தார். அன்றைய முடிவில் பத்து நிமிடத்துக்கு மேல் பின்னால் வந்தார். “மலை பொய் சொல்லாது” கட்சியின் கணக்கில் அவர் தோற்றவர். என் கணக்கில் அந்த நாளின் இரண்டாவது வெற்றியாளர் அவர்.

நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்க நியாயமே இல்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதம் மாடவீதி சுற்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான கைகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் தேர் மூலை திரும்புவது சக்கரத்தின் அடியில் உட்கார்ந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களால். அவர்கள் ஒரு அங்குலம்கூட இழுப்பதில்லை. பல நேரம் அவர்கள் வேலை தேரை நிறுத்துவது. வடம் பிடிக்காதவன் கோழை என்று அவர்களைச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் வாய் வராது. மலைக்கட்டத்திலும் இழுக்கிறவர், திருப்புகிறவர், நிறுத்துகிறவர் என்று வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. இழுப்பதை மட்டும் வீரம் என்று எண்ணுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இனிப் பின்சக்கரத்துக்கு வருகிறேன். அதைக் கோழைத்தனம் என்பவர்கள் டூரின் 2011 ஜூலை 21-ஐ மறுபடி பார்க்க வேண்டும். ஆண்டி ஷ்லெக் அறுபது கிலோமீட்டர் மீதமிருக்கும்போது இசுவார் கணவாயில் பாய்ந்து, கலிபியேர் உச்சியில் வென்றார். அதையும் தனியாள் துணிச்சல் என்கிறோம். அவருடைய டீம்காரர்கள் இருவர் காலையிலேயே முன்கூட்டத்துக்கு அனுப்பப்பட்டு வழியில் அவருக்காகக் காத்திருந்து இழுத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பின்னால் கேடல் எவன்ஸ் துரத்தினார். உதவ ஆளில்லாமல், பெரிய கூட்டத்தையே முதுகில் கட்டி இழுத்தார். அந்தக் கூட்டத்தில் மஞ்சள் ஜெர்சியோடு தொமா வோக்லரும் இருந்தார். பெரிய மலையேறி என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. தனியாகத் துரத்தியிருந்தால் ஐந்து கிலோமீட்டரில் சரிந்திருப்பார். எவன்ஸின் வேகத்தைத் தொட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து, கடைசி மீட்டர் வரை வந்து, 15 வினாடி மிச்சத்தில் ஜெர்சியைக் காப்பாற்றிக்கொண்டார்.

அது கோழைத்தனமா? ஒரு மணி நேரம் தன் எல்லையைத் தாண்டிய வேகத்தில், முன்னால் இருப்பவரின் டயரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கண்ணை எடுக்காமல், ஒரு நொடி இடைவெளி விழுந்தால் எல்லாம் போயிற்று என்று தெரிந்தே தொங்கிக்கொண்டு வருவதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் வேதனை தெரியும். முன்னால் ஓடுகிறவர் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறார். பின்னால் தொங்குகிறவர் இன்னொருவர் தீர்மானித்த வலியைத் தாங்குகிறார். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்து, அதற்குமேல் ஒரு துளிகூட வீணாக்காமல் ஊர் போய்ச் சேர்வது அறிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த டூரை வென்றவர் யார்? கலிபியேரில் வென்ற ஷ்லெக் அல்ல. அன்று இழந்ததைச் சமாளித்து, அடுத்து வந்த தனிநபர் நேர ஓட்டத்தில் கணக்கைத் தீர்த்த எவன்ஸ்.

பெண்கள் பந்தயம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2024 ஆகஸ்டில் டூர் டி பிரான்ஸ் ஃபாம் பந்தயத்தின் கடைசி நாள் ஆல்ப் துவெஸ் உச்சியில் முதலில் வந்தவர் டெமி வோலரிங். பந்தயத்தை வென்றவர் கசியா நியெவியாடோமா, 4 வினாடியில். டூர் வரலாற்றில் ஆண், பெண் இரண்டு பக்கமும் இதைவிடச் சிறிய இடைவெளி இல்லை. வோலரிங் தோற்றது மலையில் அல்ல. மூன்று நாள் முன்னால், மலையே இல்லாத ஒரு கட்டத்தின் கடைசி கிலோமீட்டர்களில் கீழே விழுந்து 1 நிமிடம் 47 வினாடி இழந்தபோது, அவரை உடனே கூட்டிக்கொண்டு போகப் பக்கத்தில் போதிய ஆள் இல்லை. அந்த நாளில் முன்கூட்டியே ஒருவர் காத்திருந்தால், அந்த நான்கு வினாடி என்னவாகியிருக்கும்? மலையின் ராணி யார் என்று மலை சரியாகவே சொன்னது. பந்தயத்தின் ராணி யார் என்று அதற்குத் தெரியாது.

“மலை பொய் சொல்லாது” என்கிற வாக்கியத்துக்கு இன்னொரு கறையும் இருக்கிறது. 1999 முதல் 2005 வரை ஏழு டூர்களை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்றதாக உலகம் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டவை மலைக்கட்டங்கள். மலையில் யாரையும் ஏமாற்ற முடியாது, ஆகவே இவர் உண்மையானவர் என்றுதான் வாதம் நடந்தது. 2012-ல் ஊக்கமருந்துக் குற்றம் நிரூபணமாகி ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. சைக்கிள் வரலாற்றின் ஆகப் பெரிய பொய் மலைமேல்தான் சொல்லப்பட்டது. இன்று ஓடுகிறவர்கள் மேல் ஆதாரம் இல்லாமல் சந்தேகத்தைத் தூவ நான் இதைச் சொல்லவில்லை. ஏறிய நேரம் என்கிற ஒற்றை எண் ஒருவரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள் அதே எண்ணால் ஏழு வருடம் ஏமாந்தார்கள் என்று நினைவூட்டுகிறேன்.

எனக்கு வரப்போகும் பதிலும் தெரியும். “அப்படியென்றால் பணக்கார டீம்தான் வெல்லும், விளையாட்டு எங்கே இருக்கிறது?” பணத்தின் பங்கு உண்மை. பெரிய டீம்கள் மற்ற இடத்தில் தலைவராக இருக்கக்கூடியவர்களை உதவி வீரர்களாக வாங்கி வைத்திருக்கின்றன. இது விமர்சிக்க வேண்டிய விஷயம், விமர்சிப்போம். ஆனால் தனியாள் பலத்தை மட்டும் பார்க்கிறவரால் அந்த விமர்சனத்தைச் செய்யவே முடியாது. யார் இழுத்தார், யார் காத்திருந்தார், யாருக்குச் சம்பளம் கொடுக்க எந்த டீமால் முடிந்தது என்று பார்க்கிறவர்தான் அநியாயத்தையும் பார்ப்பார். உதவியாளர்களைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் பணமும் சேர்ந்து மறைந்துபோகும். ஓத்தகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். போகாச்சரின் பாய்ச்சலுக்கு முன்னால் அடிவாரத்தில் முழு வேகத்தில் இழுத்து அவரை விட்டது அவருடைய டீமின் ஜோனதன் நர்வாயஸ். அதே நாள் அதற்கு முன் வந்த ஓர் ஏற்றத்திலேயே விங்கெகோரின் முக்கியத் துணையான மத்தேயோ ஜார்கன்சன் பின்தங்கிவிட்டார். போகாச்சர் அன்று எல்லாரையும்விட பலமானவர், அதில் சந்தேகமில்லை. அந்த பலம் முழுதாக வெளிப்பட ஒருவர் வழி செய்தார், எதிரியின் பலம் ஒருவர் இல்லாமல் குறைந்தது. ஆகச் சிறந்த உதாரணம் என்று அவர்கள் கொண்டுவந்த நாளிலேயே இத்தனை ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை விடியற்காலையில் சைக்கிளில் சுற்றும் பிள்ளைகள் இப்போது அதிகம். ஞாயிற்றுக்கிழமையானால் போளூர், அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறார்கள். ஏறி முடித்ததும் முதல் வேலை கைப்பேசியை எடுத்து நேரம் பார்ப்பது. கீழே வந்ததும் பெரியவர்களாகிய நாம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை நிமிஷம்டா என்பது. அந்த எண்ணை வைத்து இவன் மலையேறி, அவன் தேறமாட்டான் என்று அங்கேயே முத்திரை குத்துகிறோம்.

அந்த முத்திரை எவ்வளவு பொய் என்று பாருங்கள். 58 கிலோ எடையுள்ள இரண்டு பையன்கள், ஒரே அளவு பலம். ஒருவனிடம் 8 கிலோ கார்பன் சைக்கிள், இன்னொருவனிடம் அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்த 16 கிலோ கியர் சைக்கிள். மேலே தூக்க வேண்டிய மொத்த எடை ஒருவனுக்கு 66, இன்னொருவனுக்கு 74. நாற்பது நிமிட ஏற்றத்தில் இந்த எட்டு கிலோ மட்டுமே நாலு நிமிடம் தின்றுவிடும். அந்த நாலு நிமிடத்தைத்தான் நாம் திறமைக் குறைவு என்று அந்தப் பையனிடம் சொல்லி அனுப்புகிறோம். மலை பொய் சொல்லாது என்று வேறு சேர்த்துச் சொல்கிறோம். அவன் நம்பிவிடுகிறான். அடுத்த மாதம் அவன் வருவதில்லை.

தேறுவான் என்று முத்திரை வாங்கியவனுக்கும் கேடுதான். கூட்டத்தோடு போவது தனக்கு இழுக்கு என்று தனியாகவே ஏறுகிறான். அடிவாரத்திலிருந்தே முழு மூச்சாக மிதித்து மூன்றாவது வளைவில் மூச்சு முட்டுகிறான். ஒருவர் பின்சக்கரத்தில் ஒரு சாண் இடைவெளியில் பயமில்லாமல் ஓட்டக் கற்பதில்லை. முறை வைத்து மாறி மாறி இழுக்கக் கற்பதில்லை. ஓடிக்கொண்டே சாப்பிட, ஓடிக்கொண்டே பாட்டிலைக் கைமாற்றத் தெரிவதில்லை. பஸ் எதிரே வரும் மலைச்சாலையில் நிதானமாக இறங்கத் தெரிவதில்லை. பந்தயச் சாலையில் இவைதான் பாதி வித்தை.

இந்த வித்தைக்கு இடம் நம் நாட்டில் திறந்துகொண்டிருக்கிறது. 2008 முதல் நடந்துவரும் நீலகிரி சைக்கிள் பயணத்தில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஓட்டிகள் அஞ்சியும் ஆசைப்பட்டும் வருகிறார்கள். 2026 ஜனவரியில் புணேயில் பன்னாட்டு அட்டவணையில் சேர்ந்த பலநாள் சாலைப் பந்தயமே நடந்தது. நம் மாவட்டத்துப் பையனோ பெண்ணோ ஒருநாள் அப்படியொரு பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நின்றால், அங்கே தனியாக ஏறிய நேரம் அவர்களைக் காப்பாற்றாது. நூறு பேர் கூட்டத்துக்குள் முட்டாமல் ஓட்டத் தெரியாதவர் அடிவாரத்துக்கு வந்து சேரும்போதே களைத்திருப்பார். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே பந்தயம் முடிந்திருக்கும்.

ஆகவே என் நண்பர்களிடம் கேட்பது இதுதான். போகாச்சர் கட்சியிலேயே இருங்கள், விங்கெகோர் கட்சியிலேயே இருங்கள், விடிய விடிய வாதாடுங்கள். அந்தச் சூடு இந்த விளையாட்டுக்கு வேண்டும். ஆனால் அடுத்த ஜூலையில் ஏற்றம் தொடங்கும்போது யார் முன்னால் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். யாரிடம் இன்னும் எத்தனை ஆள் மிச்சம்? கடைசியாக எப்போது சாப்பிட்டார்? முன்கூட்டத்தில் யாருடைய ஆள் காத்திருக்கிறார்? இந்த மலைக்கு அப்புறம் இறக்கமா, பள்ளத்தாக்கா? துரத்தினால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்விகளோடு பாருங்கள். அப்போது பின்சக்கரத்தில் வருகிறவரின் முகம் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

ஜவ்வாதுமலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளிடம் எத்தனை நிமிஷம் என்று கேட்பதை நிறுத்துவோம். யாரை இழுத்துக்கொண்டு போனாய், யார் உன்னை இழுத்தார்கள், பின்தங்கியவனுக்காக யார் நின்றீர்கள் என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளைகள்தான் நாளை ஒரு டீமாக நிற்பார்கள். டீமாக நிற்கத் தெரிந்தவர்களுக்கே பந்தயம் கிடைக்கும், மலையும் அவர்களுக்குத்தான்.